புரோஸ்டேட் ஆபரேஷனுக்கு அப்புறம் யூரின் கசிவு, தாம்பத்யம்: கடந்து வந்தவங்க சொல்லுங்க

கொல்லைக்கட்டு63

எல்லாருக்கும் வணக்கம். ஊர் காரைக்குடிக்குப் பக்கம். வயசு 63. புரோஸ்டேட்டுக்குப் பாக்குற பிஎஸ்ஏ ரத்த டெஸ்ட்டுல 11 வந்து, சதையை எடுத்துப் பாக்குற பயாப்ஸியில கேன்சர்னு உறுதியாகி, மதுரையில ஒரு தனியார் ஆஸ்பத்திரியில ரோபோ வழியா புரோஸ்டேட் சுரப்பியை முழுசா எடுத்தாங்க. யூரின் டியூப் எடுத்து ரெண்டு மாசம் ஆகப் போகுது. எடுத்ததைப் பரிசோதிச்ச ரிப்போர்ட் நல்லபடியா வந்துச்சு, பிஎஸ்ஏ 0.1க்குக் கீழ. அந்த விஷயத்துல குன்றக்குடியான் கைவிடலை.

மத்த ரெண்டுந்தான் தொல்லை. உக்காந்திருக்கிற வரைக்கும் ஒண்ணுமில்லை, எந்திரிச்சாப் போச்சு. பழைய காலத்து வீடு. வளவு, ரெண்டாங்கட்டு, மூணாங்கட்டு எல்லாம் தாண்டிக் கொல்லையிலதான் பாத்ரூம். பட்டாலையில உக்காந்திருக்கிற ஆளு அங்க போய்ச் சேர்றதுக்குள்ள வேட்டி நனைஞ்சிருது. ஒரு கல்யாண வீட்டுல பந்தியை விட்டு எந்திரிக்கப் பயந்துக்கிட்டு, இலை எடுக்க வர்ற வரைக்கும் அப்படியே உக்காந்திருந்தேன்.

இன்னொண்ணு, விறைப்பு சுத்தமா இல்லை. விடியக்காலையில தானா வர்றதும் இல்லை. "ரெண்டு பக்க நரம்பையும் விட்டு வச்சிருக்கோம், போகப் போகச் சரியாயிரும்"னு டாக்டர் சொன்னதோட சரி. எத்தனை மாசம், நான் என்ன செய்யணும், அதெல்லாம் பேச்சே இல்லை. பக்கத்துல மகன் நின்னதால எனக்கும் கேக்க வாய் வரலை.

பள்ளத்தூர்_பெரியவர்

தம்பி, நான் இதே ஆபரேஷன் பண்ணி மூணு வருஷத்துக்கு மேல ஆச்சு. முதல்ல ஒண்ணு. அடுத்த தடவை மகனை மருந்துக் கடைக்கு அனுப்பி விட்டுட்டு உள்ள போங்க. டாக்டர்கிட்ட கேக்காத கேள்வியை இங்க வந்து கேக்குறோம், பாதிப் பேர் கதை இதுதான்.

ரெண்டு மாசத்துல கசியுறது சகஜம். ராத்திரி படுத்தா நனையுதா, காஞ்சிருக்கா? எனக்கு முதல்ல ராத்திரிதான் சரியாச்சு. அப்புறம் காலை நேரம். சாயந்தரம்தான் கடைசி வரைக்கும் பாடாப் படுத்துச்சு, ஏன்னா யூரினை அடக்குற தசை பகலெல்லாம் வேலை செஞ்சு அசந்து போயிருது. "காலையில நல்லா இருந்துச்சே, பொழுது சாயவும் ஏன் இப்படி"ன்னு பயப்படாதீங்க.

தண்ணியைக் குறைக்காதீங்க. நம்ம ஊர் வெயிலுக்கு அது பெரிய தப்பு. யூரின் கெட்டியாகி மஞ்சளா வந்தா மூத்திரப் பை எரிச்சலாகி இன்னும் அவசரமா முட்டும், மலமும் இறுகும். முக்குனா கசியும். காபியைத்தான் குறைக்கணும். ஒரு நாளைக்கு நாலு வீட்டுக்குப் போனா நாலு வீட்டுலயும் காபி கொடுப்பாங்க, வேண்டாம்னா கோவிச்சுக்குவாங்க. நான் சுக்குமல்லிக்கு மாறிட்டேன்.

கொல்லைக்கட்டு63

ராத்திரி நனையுறதில்லை அண்ணே. நீங்க சொன்ன பிறகுதான் அதையே கவனிக்கிறேன்.

ஆத்தங்குடிக்காரன்

எனக்கும் புரோஸ்டேட் ஆபரேஷன்தான் செஞ்சாங்க. கல்லுப் பட்டறை வேலை, நாள் பூரா குத்த வச்சு உக்காந்து டைல்ஸ் ஊத்தணும். ஒரு மாசத்துல வேலைக்குத் திரும்பிட்டேன். கசிவெல்லாம் இல்லை, வீட்டு விஷயமும் பழையபடிதான், விந்து மட்டும் வெளிய வர்றதில்லை. இவருக்கு மட்டும் ஏன் இப்படி? டாக்டர் சரியில்லையோ?

மூத்திரவியல்_மருத்துவர்

ரெண்டும் ஒரே ஆபரேஷன் இல்லை. இந்தக் குழப்பம் தினமும் ஓபியில் வரும். உங்களுக்குச் செய்தது வயதினால் வரும் வீக்கத்துக்கு, அதாவது டியூஆர்பி. சிறுநீர்ப் பாதை வழியாகவே உள்ளே போய், அடைக்கிற சதையை மட்டும் சுரண்டி எடுப்பது. சுரப்பியின் வெளி ஓடு அப்படியே இருக்கும், அதை ஒட்டி ஓடும் நரம்புகளைத் தொடுவதில்லை. பையின் வாய் திறந்தே இருப்பதால் விந்து பின்னோக்கிப் பைக்குள் போய்விடும், பிறகு சிறுநீரோடு வெளியேறும். ஆபத்தில்லை.

அவருக்குக் கேன்சருக்காக சுரப்பியையே ஓட்டோடு எடுத்து, விந்துப் பைகளையும் எடுத்து, சிறுநீர்ப் பையை இழுத்துக் கீழே சிறுநீர்க் குழாயோடு தைத்திருக்கிறார்கள். கண்மாய்க்கு ரெண்டு மடை இருந்து, ஒன்றைப் பெயர்த்து எடுத்த மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். மேலே பையின் கழுத்தில் இருந்த மடை தானாக மூடிக்கொள்ளும் வகை, இப்போது அது இல்லை. கீழே இருக்கும் மடை நாம் விரும்பி மூடுகிற தசை. இதுவரை அதற்குப் பாதி வேலைதான். இனி முழுப் பாரமும் அதன் மேல். ஒரே மாதத்தில் பழகாது. பெரும்பாலோருக்கு மூன்று மாதத்திலிருந்து ஒரு வருடத்துக்குள் கசிவு நின்றுவிடும், அல்லது ஒரு சின்ன பேடு போதும் என்கிற நிலைக்கு வந்துவிடும். இது செய்த டாக்டரின் குறை அல்ல.

திருச்சி_பிசியோ

நான் பிசியோதெரபிஸ்ட், இந்த வேலையைத்தான் அதிகமாப் பாக்குறேன். "கீகல் பயிற்சி செய்யுங்க"ன்னு ஒரு சீட்டைக் கொடுத்து அனுப்பிடுறாங்க, எந்தத் தசைன்னு யாரும் காட்டுறதில்லை. ஆர்னால்ட் கீகல்ங்கிற அமெரிக்க டாக்டர் 1948ல பிரசவமான பெண்களுக்காக எழுதினது இது. ஆம்பளைங்களுக்குச் சொல்லித் தர்ற விதம் கொஞ்சம் வேற.

முட்டியை மடிச்சு மல்லாந்து படுங்க. நாலு பேரு இருக்கிற இடத்துல காத்து பிரியாம அடக்குவோமே, அப்படி ஆசனவாயை இறுக்குங்க. அதோட ஆணுறுப்போட அடிப்பக்கத்தை உடம்புக்குள்ள இழுத்துக் குட்டையாக்குங்க. ரெண்டாவதுதான் முக்கியம், பலரும் பின்பக்கத்தை மட்டும் இறுக்கிட்டு விட்டுடுறாங்க. யோகாவுல மூலபந்தம் பழகினவங்களுக்கு இது சீக்கிரம் பிடிபடும். சரியாச் செய்றீங்களான்னு கண்ணாடி முன்னாடி நின்னு பாத்தாத் தெரியும். உறுப்பு லேசா உள்ள போகும், விதைகள் மேல ஏறும். பிட்டமோ தொடையோ இறுகினாத் தப்பு. மூச்சை அடக்கினாலும், வயித்தை வெளிய தள்ளினாலும் தப்பு.

அஞ்சு எண்ணுற வரைக்கும் பிடிச்சு அதே அளவு நேரம் விடுங்க. போகப் போகப் பத்து வரைக்கும் கூட்டிக்கலாம். ஒரு வேளைக்குப் பத்துத் தடவை, நாளைக்கு மூணு வேளை. அதோட பட் பட்டுனு இறுக்கி விடுறது கொஞ்சம். சீக்கிரம் குணமாகணும்னு நூறு, இருநூறுன்னு செய்றவங்களுக்குத் தசை அசந்து கசிவு கூடும். டியூப் இருக்கும்போது செய்யாதீங்க. யூரின் போய்க்கிட்டிருக்கையில நடுவுல நிறுத்தி நிறுத்திப் பழகவும் வேண்டாம்.

கொல்லைக்கட்டு ஐயாவுக்கு: பயிற்சியைவிட உடனே பலன் தர்றது, நேரம் பாத்து இறுக்குறது. எந்திரிக்கிறதுக்கு முன்னாடி இறுக்குங்க, இறுக்கினபடியே எந்திரிங்க, நின்ன பிறகு விடுங்க. இருமல், தும்மல், குடத்தைத் தூக்குறது எல்லாத்துக்கும் அப்படியே. பந்தியில கீழ உக்காந்து எந்திரிக்கிறதுதான் கஷ்டமான சோதனை. அதுக்கு முன்னால நாற்காலியில பழகுங்க.

போயிட்டு வந்த பிறகு நாலஞ்சு சொட்டு வேட்டியில விழுந்தா அது வேற கணக்கு. குழாயோட வளைவுல தங்கினது அது. விதைப்பைக்குப் பின்னால விரலை வச்சு முன்னோக்கி அழுத்தி வழிச்சு விட்டா வந்துரும்.

பள்ளத்தூர்_பெரியவர்

இந்த அம்மா சொல்றது அத்தனையும் சரி. டயப்பரை விட்டுட்டு ஆம்பளைங்களுக்குன்னு முன்பக்கம் கனமா வர்ற பேடு வாங்குங்க, மதுரையிலயும் திருச்சியிலயும் பெரிய மருந்துக் கடையில கிடைக்குது. வேட்டிக்குள்ள தெரியாது. நீண்ட பயணம்னா காண்டம் மாதிரி மாட்டிக் காலோட பையைக் கட்டிக்கிறது இருக்கு. ஆனா அதையே தினமும் போட்டுக்கிட்டிருந்தா தசை சோம்பேறியாயிரும்.

அப்புறம், பட்டாலையில ஒரு மறைவுல யூரின் பாட்டில் வச்சுக்கிறதுல என்ன கௌரவக் குறைச்சல்? நான் வச்சிருந்தேன்.

கொல்லைக்கட்டு63

ரொம்ப நன்றி. எந்திரிக்கிறதுக்கு முன்னாடி இறுக்குறதை இன்னைக்கே செஞ்சு பாத்தேன், வித்தியாசம் தெரியுது. முதல் பாதிக்குப் பதில் கிடைச்சிருச்சு. ரெண்டாவது பாதியை யாரும் தொடலையே.

புதுவயல்_ரைஸ்மில்

அதுக்கு நான் சொல்றேன். காரைக்குடிக்கு மாசம் ஒரு தடவை ஒரு வைத்தியர் வந்து லாட்ஜுல தங்குறாரு, செவுத்துல நோட்டீஸ் பாத்திருப்பீங்க. ஒரு சூரணம் தர்றாரு. பால்ல கலந்து குடிச்சா ஒரு மணி நேரத்துல வேலை செய்யும். என் சினேகிதன் வாங்குறான். இங்கிலீஷ் மருந்துல பக்க விளைவு ஜாஸ்தி.

மூத்திரவியல்_மருத்துவர்

ஒரு மணி நேரத்தில் வேலை செய்கிற மூலிகை என்றால் எனக்கு முதலில் வருவது சந்தேகம்தான். இப்படி விற்கும் சூரணங்களில் சில்டெனபில் (வயாக்ரா) மாத்திரையைப் பொடித்துக் கலப்பது உலகம் முழுக்கப் பிடிபட்டிருக்கிறது. உங்கள் நண்பர் சாப்பிடுவது அதே இங்கிலீஷ் மருந்தாகவே இருக்கலாம், அளவு தெரியாமல். நெஞ்சுவலிக்கு நாக்குக்கடியில் வைக்கும் சார்பிட்ரேட் வகை மாத்திரை எடுப்பவர் அதைச் சாப்பிட்டால் ரத்த அழுத்தம் சரிந்து உயிருக்கே ஆபத்து. அவருக்கு இதயக் கோளாறு உண்டா என்று அந்த வைத்தியர் கேட்டாரா?

புதுவயல்_ரைஸ்மில்

எல்லாத்துக்கும் குத்தம் சொன்னா எப்படி டாக்டர். சித்த மருத்துவம் ஆயிரம் வருஷமா இருக்கு.

மூத்திரவியல்_மருத்துவர்

சித்த மருத்துவத்தைச் சொல்லவில்லை. படித்துப் பதிவு செய்த சித்த மருத்துவர்கள் அரசு மருத்துவமனையிலேயே இருக்கிறார்கள், அவர்களிடம் காட்டுங்கள். அறையைக் காலி செய்துவிட்டுப் போகிறவரைப் பற்றித்தான் சொல்கிறேன்.

இப்போது ரெண்டாவது பாதி. விறைப்புக்கான நரம்புகள் புரோஸ்டேட்டின் இரண்டு ஓரமும் சிலந்தி நூல் கனத்தில் ஒட்டி ஓடுகின்றன. அவை எங்கே போகின்றன என்றே 1981 வரை தெளிவாகத் தெரியாது. அந்த வருடம் ஹாலந்தின் லெய்டனில் ஓய்வுபெற்ற பேராசிரியர் டோங்கரும் அமெரிக்க அறுவை மருத்துவர் பேட்ரிக் வால்ஷும் சேர்ந்து அந்தப் பாதையைக் கண்டுபிடித்தார்கள். அதை வைத்து 1982ல் வால்ஷ் நரம்பை விட்டுவைக்கும் முறையில் ஆபரேஷன் செய்தார். அதற்கு முன் இந்த ஆபரேஷன் செய்துகொண்ட ஏறக்குறைய எல்லோருக்கும் விறைப்பு போய்விடும்.

நரம்பை விட்டு வைத்தாலும் ஆபரேஷன் நேரத்தில் இழுபட்டு, சூடுபட்டு அது மயங்கிக் கிடக்கும். நரம்பு மெதுவாகத்தான் தேறும். கசிவுக்கு மாதக்கணக்கு என்றால் இதற்கு ஒன்றரை, இரண்டு வருடம். சிலருக்கு அதற்குப் பிறகும் முன்னேறும். உங்கள் வயது, ஆபரேஷனுக்கு முன் எப்படி இருந்தது, சர்க்கரை, புகை, எத்தனை பக்க நரம்பு மிஞ்சியது, இவற்றைப் பொறுத்து முடிவு மாறும். எல்லோருக்கும் பழையபடி வந்துவிடும் என்று நான் சொல்ல மாட்டேன்.

தசையை இறுக்கிப் பழக்கலாம், நரம்புக்குப் பயிற்சி இல்லை. ஆனால் நரம்பு தேறும் வரை உறுப்பின் சதைக்கு ரத்தம் போய்க்கொண்டிருக்க வேண்டும், இல்லையென்றால் அது நார் விழுந்து சுருங்கும். அதற்காகத்தான் தினமும் 5 மில்லிகிராம் டடலபில் (சில்டெனபில் வகை மாத்திரைதான்), அல்லது வேக்குவம் பம்ப் என்று ஆரம்பிக்கிறோம். தினசரி மாத்திரை எடுத்தால் நரம்பு சீக்கிரம் தேறுகிறது என்று ஆய்வுகள் உறுதியாக நிரூபிக்கவில்லை. மாத்திரை எடுக்கிற காலத்தில் உதவுகிறது, நிறுத்தினால் வித்தியாசம் குறைகிறது. இதைச் சொல்லாமல் மாதக்கணக்கில் எழுதிக் கொடுப்பது நியாயமில்லை.

மாத்திரை நரம்பிலிருந்து வரும் சமிக்ஞையைப் பெருக்கத்தான் செய்யும். சமிக்ஞையே இல்லாத முதல் மாதங்களில் பலன் தராது. "சாப்பிட்டுப் பார்த்தேன், ஒன்றும் இல்லை, அவ்வளவுதான்" என்று முடிவு கட்டுகிறவர்கள் நிறைய. ஆறு மாதம் கழித்து அதே மாத்திரை வேலை செய்யலாம். சில்டெனபில் என்றால் வெறும் வயிற்றில், ஒரு மணி நேரம் முன்னால். நெய்யும் கறியுமாக விருந்து சாப்பிட்ட பிறகு போட்டால் தாமதமாகும். ஆசை எழுந்து தொடுதலும் வேண்டும், மாத்திரை மட்டும் எதையும் எழுப்பாது.

பம்புக்கும் ஊசிக்கும் நரம்பு தேவையில்லை. பம்ப் வைத்து ரத்தத்தை இழுத்து அடியில் வளையம் போடுவது, வளையம் அரை மணிக்கு மேல் கூடாது. ஊசி உறுப்பின் பக்கவாட்டில் தானே போட்டுக்கொள்வது, முதல் டோஸ் மருத்துவமனையில்தான். நான்கு மணி நேரத்துக்கு மேல் இறங்காவிட்டால் அவசரப் பிரிவுக்கு ஓட வேண்டும். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுப்பவர்கள் ரெண்டுக்கும் முன் கேட்க வேண்டும். எதுவும் பலிக்காதவர்களுக்குக் கடைசியில் இம்பிளான்ட், அதாவது உறுப்புக்குள் வைக்கும் செயற்கைத் தண்டு உண்டு.

கானாடுகாத்தான்_ஆச்சி

ஆம்பளைங்க பேசுற இடத்துல நான் எழுதலாமான்னு தெரியலை. எழுதிடுறேன்.

எங்க வீட்டுச் செட்டியாருக்கும் இதே ஆபரேஷன். வீட்டுக்கு வந்ததும் மேல்மாடியில தனியாப் படுக்க ஆரம்பிச்சாங்க. கேட்டா "டயப்பர் வாடை உனக்கு எதுக்கு"ன்னாங்க. கிட்டப் போனா வேற பேச்சுக்குத் தாவுவாங்க. அறுபதாங் கல்யாணம் பண்ணிக்கிட்ட பிறகும் ஒரே அறையில இருந்தவங்க நாங்க. என் மேல ஏதோ கோவம்னு ரொம்ப நாள் நெனச்சேன். நோய் திரும்பிருச்சோ, மறைக்கிறாங்களோன்னும் பயம்.

வேலூர்ல நர்ஸா இருக்கிற என் தங்கச்சி மகதான் எங்க ரெண்டு பேரையும் உக்கார வச்சுப் பேசினா. விறைப்பு வராட்டியும் சுகம் தெரியும், உச்சமும் வரும்னு சொன்னா. எங்க வீட்டுல நம்பவே இல்லை. ஆஸ்பத்திரியில ஒருத்தர்கூட சொல்லலை, விந்து வராதுன்னுகூடச் சொல்லலை. முதல் தடவை ஒண்ணும் வராமப் போகவும் உடம்புக்குள்ள ஏதோ வெடிச்சிருச்சுன்னு பதறிப் போயிட்டாங்க.

அந்த நேரத்துல கொஞ்சம் யூரின் வரலாம். முன்னாடியே போயிட்டு வந்துட்டா அவ்வளவா வராது. ஒரு துண்டை விரிச்சுக்கிட்டாத் தீர்ந்துச்சு. இதுக்காகத் தனியாப் படுத்த நாளை நெனச்சா எனக்கு இப்பவும் கோவம் வருது. அய்யா, நீங்க உங்க வீட்டு ஆச்சிகிட்ட சொல்லிட்டீங்களா?

மூத்திரவியல்_மருத்துவர்

ஆச்சி சொன்னது முழுக்கச் சரி. உணர்ச்சியைக் கொண்டு போகும் நரம்பு வேறு பாதையில் வருவது, ஆபரேஷன் அதைத் தொடாது. விந்து நீரைச் சுரக்கிற சுரப்பிகளே போய்விட்டதால் வெளியே வர ஒன்றுமில்லை. இளவயதில் ஆபரேஷன் செய்துகொள்பவருக்கு இனியும் குழந்தை வேண்டும் என்றால் ஆபரேஷனுக்கு முன்பே விந்தைச் சேமித்து வைக்க வேண்டும்.

கொல்லைக்கட்டு63

சொல்லலை ஆச்சி. நீங்க எழுதினதை அவ கையில கொடுத்து வாசிக்கச் சொன்னேன். வாசிச்சிட்டு, "இதைச் சொல்றதுக்கா இத்தனை நாளு"ன்னா. வேற ஒண்ணும் கேக்கலை. கட்டிலைத் திரும்ப உள்ள போடச் சொல்லிட்டா.

சிங்கப்பூர்_தேவகோட்டை

எங்க அப்பச்சிக்கு 71 வயசு. பிஎஸ்ஏ 6, கிளீசன் 6, ஒரு இடத்துலதான் இருக்குன்னு சொல்றாங்க. இதையெல்லாம் படிச்சுக் காட்டினதும் ஆபரேஷனே வேண்டாம்னு உக்காந்துட்டாங்க. வற்புறுத்தலாமா?

மூத்திரவியல்_மருத்துவர்

வற்புறுத்தாதீர்கள் அம்மா. உங்கள் அப்பச்சியின் கணக்கு வேறு. கிளீசன் என்பது கேன்சரின் வீரியத்துக்குப் பயாப்ஸியில் தரும் மதிப்பெண்; அது 6 என்றால் பெரும்பாலும் கண்காணித்துக்கொண்டே இருக்கலாம், அதாவது குறித்த இடைவெளியில் பிஎஸ்ஏ, எம்ஆர்ஐ, தேவைப்பட்டால் மறுபடி பயாப்ஸி. பிரிட்டனில் 1,643 பேரை கண்காணிப்பு, ஆபரேஷன், கதிர்வீச்சு என்று மூன்றாகப் பிரித்து 15 வருடம் பின்தொடர்ந்தார்கள், முடிவு 2023ல் வந்தது. மூன்று குழுவிலும் புரோஸ்டேட் கேன்சரால் இறந்தவர்கள் நூற்றுக்கு மூன்று பேர் அளவில்தான். ஆனால் நோய் பரவியது கண்காணிப்புக் குழுவில் ஆபரேஷன் குழுவைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு. அதனால் 'கண்காணிப்பு' என்று சொல்லிவிட்டு ஆஸ்பத்திரிப் பக்கமே போகாமல் இருந்துவிடக் கூடாது. கொல்லைக்கட்டு ஐயாவுக்கு பிஎஸ்ஏ 11 இருந்தது, அவர் எடுத்த முடிவோடு இதை ஒப்பிட வேண்டாம்.

காவடிச்_சிந்தன்

எனக்கு ஆபரேஷன் ஆகி நாலு மாசம். தைப்பூசத்துக்குக் குன்றக்குடியில இருந்து நடந்து பழனிக்குப் போறது எங்க வீட்டு வழக்கம். இந்த வருஷம் நடக்கலாமா?

திருச்சி_பிசியோ

நாலு மாசம் ஆயிருச்சுன்னா நடை நல்லதுதான். முதல் ஆறு வாரம்தான் பாரம் தூக்கக் கூடாது, சைக்கிள், பைக் ஏறக் கூடாது. இப்பலேர்ந்தே தினமும் தூரத்தைக் கூட்டிப் பழகுங்க. சிரமமே மத்தியானத்துக்கு மேலதான், தசை அசந்து கசிவு கூடும், ஈரப் பேடோட நடந்தா தொடை இடுக்கு புண்ணாயிரும். புறப்படும்போதே தேங்காய் எண்ணெயோ துத்தநாகக் களிம்போ தடவிக்குங்க, மண்டகப்படி வர்ற இடத்துல எல்லாம் மாத்திக்குங்க. கூட வர்ற வண்டியில பேடு ஒரு மூட்டை போட்டு விடுங்க. காவடியை மட்டும் தம்பியோ மகனோ மாத்தி மாத்திச் சுமக்கட்டும்.

பள்ளத்தூர்_பெரியவர்

ஒரு வருஷம் ஆகியும் நாளைக்கு நாலஞ்சு பேடு நனையுறவங்க இருந்தா, அதை விதின்னு விட்டுறாதீங்க. எங்க சம்பந்தி ஒருத்தருக்குச் செயற்கை வால்வு வச்சாங்க. விதைப்பைக்குள்ள ஒரு சின்ன பம்ப், குழாயைச் சுத்தி ஒரு பட்டை, வயித்துக்குள்ள ஒரு பலூன். போகணும்னா பம்பை அமுக்கணும், பட்டை விட்டுக் கொடுக்கும், கொஞ்ச நேரத்துல தானா மூடிக்கும். செலவு ஜாஸ்திதான். கசிவு கொஞ்சமா இருக்கிறவங்களுக்கு நாடா மாதிரி ஒண்ணு வச்சுத் தூக்கிக் கட்டுறதும் உண்டாம். எமர்ஜென்சிக்கு எந்த ஆஸ்பத்திரியில டியூப் போட வந்தாலும் வால்வு இருக்குன்னு முதல்ல சொல்லணும்னு அவருக்கு ஒரு கார்டே கொடுத்திருக்காங்க.

கோட்டையூர்_ரிட்டயர்டு

எனக்குக் கசிவு நின்னு நல்லா இருந்தேன். இப்போ ஒரு மாசமா யூரின் நூல் மாதிரி மெலிசா வருது, முக்க வேண்டியிருக்கு, திரும்பவும் சொட்டுது. கீகல் பயிற்சியைக் கூட்டவா?

மூத்திரவியல்_மருத்துவர்

கூட்ட வேண்டாம், பயிற்சியையே நிறுத்திவிட்டு இந்த வாரமே காட்டுங்கள். பையையும் குழாயையும் தைத்த இடம் தழும்பாகிச் சுருங்கியிருக்கலாம். உள்ளே நிறைந்து வழிவதும் கசிவு மாதிரிதான் தெரியும். போன பிறகு எவ்வளவு மிச்சம் நிற்கிறது என்று ஸ்கேன் எடுப்பார்கள், கேமரா விட்டுப் பார்ப்பார்கள். சுருக்கம் இருந்தால் விரித்துவிடலாம். அதற்குள் ஒரு சொட்டும் வராமல் அடைத்துக்கொண்டால் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள், ராத்திரியானாலும் கிளம்புங்கள். ஆபரேஷன் சம்மரியைக் கையோடு எடுத்துப் போங்கள்.

கோட்டையூர்_ரிட்டயர்டு

சம்மரி மகள் வீட்டுல இருக்கு. வாட்ஸ்அப்புல அனுப்பச் சொல்லிட்டேன், நாளைக் காலையில கிளம்புறேன்.